பனிச்சாலையில் கார் வழுக்கினால்: கையும் கண்ணும் முன்கூட்டியே பழக வேண்டியவை

எட்டு வருடம் முன்பு, டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை காலை. பிள்ளைகள் இருவரையும் தமிழ் வகுப்புக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். டொராண்டோவுக்குக் கிழக்கே, ஏஜாக்ஸ் ஊரைத் தாண்டி வடக்கே வயல்களுக்கு நடுவில் போகும் இருவழிச் சாலை அது. முந்தைய இரவு லேசாக மழை பெய்து விட்டிருந்தது. காரின் திரையில் வெளி வெப்பநிலை -1 என்று காட்டியது. சாலையில் பனியே இல்லை. தார் கறுப்பாக, ஈரமாக இருப்பது போலத்தான் தெரிந்தது. அறுபது கிலோமீட்டர் அனுமதித்த இடத்தில் நான் 55இல் போனேன்.

இடது பக்கம் சாலை லேசாக வளைந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினேன், கார் திரும்பவில்லை. அதற்கு ஒரு நொடி முன்னால் டயர் சத்தம் சட்டென்று நின்றது என்பது பின்னால் யோசித்தபோதுதான் நினைவுக்கு வந்தது. ஸ்டியரிங் கையில் எடையே இல்லாமல் சுற்றியது. இன்னும் திருப்பினேன், பிரேக்கை ஓங்கி மிதித்தேன். எதிரே சாலையோரத்தில் ஒரு மின்கம்பம். கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது, கையும் அப்படியே உறைந்துவிட்டது. கம்பத்துக்கு நான்கடி தள்ளிப் பள்ளத்தில் இறங்கி, பனிமேட்டில் மூக்கு புதைந்து கார் நின்றது. யாருக்கும் அடியில்லை. பின்சீட்டில் சின்னவன் அழக்கூட மறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பார்வைக்காகத்தான் பிற்பாடு ஒரு நாள் குளிர்கால ஓட்டுப் பயிற்சிக்குப் போனேன். முதல் மழையில் வண்டி ஓட்டுவதை நம் ஊரில் பழகியவர்கள், இங்கே கோடையில் ஜி2 என்னும் சாலை ஓட்டுத் தேர்வில் தேறி லைசென்ஸ் வாங்கியவர்கள், முதல் குளிர்காலத்தைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று அன்றிலிருந்து நினைத்திருக்கிறேன். கார் வழுக்கத் தொடங்கியபின் யோசிக்க நேரம் கிடையாது. அந்த ஒன்றரை நொடியில் கையும் காலும் கண்ணும் செய்யப்போவது, அவற்றுக்கு முன்பே பழக்கிவிட்டதை மட்டும்தான்.

முதலில் டயர்

சாலையைத் தொடுவது டயர் மட்டுமே. நான்கு டயரும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு, நான்கு உள்ளங்கை அளவுதான். மற்ற எல்லாப் பாதுகாப்பும் அந்த நான்கு உள்ளங்கையை நம்பித்தான் இருக்கிறது.

"ஆல் சீசன்" என்று பெயர் இருப்பதால் எல்லாப் பருவத்துக்கும் போதும் என்று நினைத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே போனதும் சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். இறுகிய ரப்பர் சாலையின் சின்னச் சின்ன மேடுபள்ளங்களுக்குள் பதியாது. விண்டர் டயரின் ரப்பர் கடும் குளிரிலும் மென்மையாக இருக்கும்படி கலக்கப்பட்டது. அதோடு, அதன் கட்டைகளில் கத்தியால் கீறியது போல் மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும். அவைதான் ஐஸையும் பனியையும் கவ்வுகின்றன. ஆகவே முதல் பனி விழும்வரை காத்திருக்க வேண்டாம். காலை வெப்பநிலை 7 டிகிரியைத் தொடும்போதே மாற்றிவிடுங்கள். தென் ஒண்டாரியோவில் அது பெரும்பாலும் நவம்பர்.

வாங்கும்போது டயரின் பக்கச்சுவரில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் இருக்கிறதா பாருங்கள். அதுதான் பனியில் சோதித்துத் தேறிய அடையாளம். வெறும் "எம் பிளஸ் எஸ்" (சேறும் பனியும்) எழுத்து இருந்தால் போதாது. நான்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். காசை மிச்சம் பிடிக்க முன்பக்கம் மட்டும் இரண்டு போட்டால், பிரேக் போடும்போது முன்பக்கம் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் பிடிக்காமல் சுற்றி முன்னால் வந்துவிடும். இரண்டு போடுவதற்குப் போடாமலே இருக்கலாம் என்றுகூடச் சொல்வேன்.

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் கட்டாயம். ஒண்டாரியோவில் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் 2016 ஜனவரி முதல், விண்டர் டயர் போட்டவர்களுக்கு இன்சூரன்ஸ் நிறுவனங்கள் தள்ளுபடி தந்தாக வேண்டும். நாமாகக் கேட்டால்தான் பல இடங்களில் அது கிடைக்கிறது, கேளுங்கள். டயரின் பள்ளம் 4 மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டால், சட்டப்படி ஓட்டலாம் என்றாலும், பனியில் அதை நம்ப வேண்டாம். காற்றையும் மாதம் ஒரு முறை பாருங்கள். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி இறங்கினால் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ குறையும். அக்டோபரில் சரியாக அடித்த காற்று ஜனவரியில் சரியாக இருக்காது.

ஆல் வீல் டிரைவ் வண்டி என்றால் இதெல்லாம் வேண்டாமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நான்கு சக்கரமும் சேர்ந்து தள்ளுவதால் கிளம்புவதும் மேடேறுவதும் சுலபமாகும், அவ்வளவுதான். பிரேக் எல்லாக் காரிலும் நான்கு சக்கரத்தில்தான் இருக்கிறது. நிற்பதில் உங்கள் பெரிய வண்டிக்கு எந்தச் சலுகையும் கிடையாது.

பிள்ளைகளின் கோட்டு

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அன்று காலை என் பிள்ளைகள் இருவரும் பஞ்சு பொதித்த கோட்டோடுதான் சீட்டில் இருந்தார்கள். இடிக்கும்போது அந்தக் கோட்டில் உள்ள காற்றெல்லாம் வெளியேறி அது அப்பளமாக அமுங்கும். அந்த அளவுக்குச் சீட்டின் பட்டை தளர்ந்துவிடும். குழந்தை அந்த இடைவெளியில் நழுவிவிடலாம். வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்: கோட்டோடு உட்கார வைத்துப் பட்டையை இறுக்குங்கள், பட்டையைத் தளர்த்தாமல் குழந்தையை வெளியே எடுங்கள், கோட்டைக் கழற்றி மறுபடி உட்கார வையுங்கள். எத்தனை விரல் உள்ளே போகிறது என்று பார்த்தால் திக்கென்று இருக்கும். மெல்லிய ஸ்வெட்டரோடு பட்டையைப் போட்டு, அதன்மேல் கோட்டைத் திருப்பிப் போர்த்துங்கள். காரை ஐந்து நிமிடம் முன்பே சூடாக்கி வைத்தால் போதும். மூடிய கராஜுக்குள் மட்டும் அதைச் செய்யாதீர்கள்.

சாலையை வாசிப்பது

நிறையப் பனி கொட்டும் நாளில் எல்லோரும் ஜாக்கிரதையாகத்தான் ஓட்டுகிறோம். ஆபத்து பெரும்பாலும் 0 டிகிரியை ஒட்டிய நாட்களில் இருக்கிறது. கடும் குளிரில் ஐஸ் காய்ந்து கொஞ்சம் பிடிக்கும். பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்போது அதன் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும், அப்போதுதான் அது எண்ணெய் தடவிய கண்ணாடி. பிளாக் ஐஸ் என்று இங்கே சொல்வது கறுப்பு நிற ஐஸ் அல்ல. தார் அப்படியே தெரியும்படி கண்ணாடி போல மெல்லிசாகப் படிந்தது. பார்வைக்கு வெறும் ஈரம்.

ஈரமா ஐஸா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முன்னால் போகும் காரின் டயரைப் பாருங்கள். சாலை ஈரமாக மின்னுகிறது, ஆனால் டயரிலிருந்து தண்ணீர் தெறிக்கவில்லை என்றால் அது உறைந்திருக்கிறது. காதும் உதவும். ஈரச் சாலையில் டயர் "உஷ்" என்று இரைந்துகொண்டே வரும். ஐஸில் ஏறியதும் அந்த இரைச்சல் அடங்கிவிடும். குளிர்காலத்தில் பாட்டைக் குறைத்து வையுங்கள் என்று சொல்வது அதனால்தான்.

பாலத்தின் மேல் எப்போதும் முன்பே வேகத்தைக் குறையுங்கள். மண் தரும் வெப்பம் பாலத்துக்குக் கிடையாது, மேலும் கீழும் குளிர் காற்று, ஆகவே முதலில் உறைவது அதுதான். மர நிழல் விழும் வளைவு, ஏரிக்கரையோரச் சாலை, ஆயிரம் கார்கள் நின்று நின்று கிளம்பி மெருகேற்றிய சிக்னல் சந்திப்பு, இவையும் அப்படியே. உப்பு போட்டிருக்கிறார்களே என்று நினைத்தால், -12 போன்ற குளிரில் சாதாரண உப்பின் வேலை மிகவும் மந்தமாகிவிடும்.

டொராண்டோவிலிருந்து பேரி நோக்கி 400ஆம் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜார்ஜியன் விரிகுடாவிலிருந்து வரும் காற்று பனியைச் சுவர் மாதிரி கொண்டுவந்து நிறுத்தும். டொராண்டோவில் வெயிலடிக்கும், ஒரு மணி நேரத்தில் முன்னால் போகும் காரே தெரியாது. 2014 பிப்ரவரி 27 அன்று அந்தச் சாலையில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதிக்கொண்டன. கிளம்பும் முன் சாலைத் தகவல் தரும் 511 எண்ணை அழைத்தோ அதன் இணையப் பக்கத்திலோ சாலை நிலையைப் பாருங்கள். போகாமல் இருக்க முடிந்தால் போகாதீர்கள். விருந்தைத் தள்ளி வைக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

தூரக் கணக்கு

காய்ந்த தார்ச் சாலையில் 50 கிமீ வேகத்தில் பிரேக் பிடித்தால் ஏறத்தாழ 14 மீட்டரில் கார் நிற்கும். ஐஸில் பிடிமானம் அதில் ஏழில் ஒரு பங்குதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அதே கார் நிற்க 100 மீட்டர் வேண்டும். எட்டு நகரப் பேருந்துகளை வரிசையாக நிறுத்திய நீளம். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகும் நேரத்தில் ஓடும் இருபது மீட்டர் இதில் சேரவில்லை.

நல்ல செய்தியும் இதே கணக்கில் இருக்கிறது. வேகத்தைப் பாதியாக்கினால் நிற்கும் தூரம் கால்வாசியாகும். 25 கிமீயில் அந்த 100 மீட்டர் 25 ஆகிறது. நம் கையில் உண்மையிலேயே இருக்கும் கருவி இது ஒன்றுதான், அதுவும் வழுக்குவதற்கு முன்னால் மட்டுமே.

முன்னால் போகும் கார் ஒரு கம்பத்தைத் தாண்டியதும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று எண்ணத் தொடங்குங்கள். அதே கம்பத்தை நீங்கள் அடையும்போது எட்டாவது வந்திருக்க வேண்டும். இடையில் யாராவது புகுந்தால் புகட்டும், மறுபடி பின்வாங்குங்கள். வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் க்ரூஸ் கண்ட்ரோலை அணைத்துவிடுங்கள். வழுக்கும் நேரத்தில் வண்டி தானாக வேகம் கொடுப்பது நமக்கு வேண்டாம். மின்சாரக் கார் ஓட்டுகிறவர்கள் கவனிக்க: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி தானாக இழுத்து நிற்கும் அமைப்பு ஐஸில் சக்கரத்தை வழுக்க வைக்கலாம். ஸ்னோ மோட் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் அந்த இழுப்பைக் குறைத்து வையுங்கள்.

ஓட்டும் விதத்துக்கு எனக்கு உதவிய நினைவு எங்கள் ஊர்க் கோயில் குளம். பாசி பிடித்த படியில் நாம் எப்படி இறங்குவோம்? சின்ன அடி வைத்து, காலை முழுசாகப் பதித்து, ஒரே நேரத்தில் இறங்கவும் திரும்பவும் செய்யாமல். காரும் அப்படித்தான். பிரேக் பிடிப்பதானால் நேராக இருக்கும்போதே பிடித்து முடியுங்கள், அப்புறம் திரும்புங்கள், நேரானபின் வேகம் கொடுங்கள். டயரிடம் இருப்பது கொஞ்சம் பிடிமானம். அதை ஒரு நேரத்தில் ஒரு வேலைக்குத்தான் கேட்க வேண்டும்.

முன்பக்கம் வழுக்கினால்

எனக்கு நடந்தது இது. முன்சக்கரம் இழுக்கும் குடும்பக் கார்களில் அதிகம் நடப்பதும் இதுதான். ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் நேராகவே போகும்.

மனம் "இன்னும் திருப்பு" என்று கத்தும். திருப்பத் திருப்ப டயர் குறுக்காகிக் கலப்பை மாதிரி உழுதுகொண்டு போகுமே தவிரப் பிடிக்காது. செய்ய வேண்டியது: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். பிரேக்கைத் தொடாதீர்கள். திருப்பிய ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நேராக்குங்கள். மனசுக்கு இது நேர்மாறாகத் தோன்றும், பள்ளத்தை நோக்கித் திருப்புவது போல இருக்கும். ஆனால் சக்கரம் மறுபடி உருளத் தொடங்கினால்தான் பிடிக்கும். எடை முன்பக்கம் இறங்கி, ஸ்டியரிங்கில் மறுபடி ஒரு கனம் கைக்குத் தட்டுப்படும். அந்தக் கனம் வந்ததும் மெதுவாகப் போக வேண்டிய பக்கம் திருப்புங்கள். இத்தனை நேரமும் கண் சாலை போகும் திசையில் இருக்க வேண்டும்.

பின்பக்கம் வழுக்கினால்

முதுகுக்குக் கீழே சீட்டு பக்கவாட்டில் நகர்வது போல ஓர் உணர்வு வரும். வால் ஒரு பக்கம் போகும், மூக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். "வழுக்கும் திசையில் திருப்பு" என்று புத்தகத்தில் இருக்கும். அந்த நொடியில் எது வழுக்கும் திசை என்று யாருக்கும் புரியாது. பயிற்சியாளர் அதை மறக்கச் சொல்லிவிட்டு இப்படிச் சொன்னார்: போக வேண்டிய இடத்தைப் பாருங்கள், சக்கரத்தை அந்த இடத்தை நோக்கித் திருப்புங்கள். இரண்டும் ஒன்றேதான், இது மட்டும் கைக்குப் புரியும்.

காலை இரண்டு மிதியிலிருந்தும் எடுத்துவிடுங்கள். திருப்புவது விரைவாக, ஆனால் அளவாக இருக்கட்டும். பலர் கோட்டை விடுவது இதற்கு அடுத்த நொடியில். வால் உள்ளே வரத் தொடங்கியதும் ஸ்டியரிங்கை உடனே நேராக்காவிட்டால், அது மறுபக்கம் முன்னைவிட வேகமாக வீசும். முதல் வீச்சில் தப்பித்துவிட்டோம் என்று மூச்சு விடும்போதுதான் இரண்டாவது வருகிறது. இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் குறைந்துகொண்டே போகும்படி, பதில் திருப்பம் கொடுக்கத் தயாராக இருங்கள்.

கனடாவில் 2012 மாடல் முதல் எல்லாக் கார்களிலும் வழுக்கலைத் தானாகத் திருத்தும் அமைப்பு கட்டாயமாக உள்ளது. திரையில் கார் வளைந்து போவது போன்ற விளக்கு மினுங்கினால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். நீங்கள் போக நினைக்கும் திசையை அது ஸ்டியரிங்கிலிருந்துதான் தெரிந்துகொள்கிறது. கையை விட்டுவிட்டால் அதற்கும் வழி தெரியாது.

நின்றே ஆக வேண்டும் என்றால்

முன்னால் ஒரு கார் குறுக்கே கிடக்கிறது. சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு உள்ள காரில் பிரேக்கை முழுசாக மிதியுங்கள், மிதித்த காலை எடுக்காதீர்கள். மிதி காலுக்கடியில் கடகடவென்று உதறும், அடியில் ஏதோ அரைபடுவது போலச் சத்தம் வரும். உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுப்பவர்கள் நிறைய. அது உடையவில்லை, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நொடிக்குப் பலமுறை பிடித்து விட்டுக்கொண்டிருக்கிறது. அதன் பெரிய பயன், பிரேக் மிதித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்ப முடியும் என்பது. எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே பாருங்கள், அங்கே திருப்புங்கள். ஏபிஎஸ் இல்லாத பழைய கார் என்றால், சக்கரம் பூட்டும் நேரத்தில் கொஞ்சம் தளர்த்தி, மறுபடி அழுத்த வேண்டும்.

தப்ப முடியாது என்று தெரிந்தால், எதிரே வரும் வண்டியையும் கம்பத்தையும் மரத்தையும் விடப் பனிமேடும் பள்ளமும் மேல். என் கார் தானாகப் போய் விழுந்த இடத்தை, தெரிந்தே தேர்ந்தெடுக்க வேண்டிய நேரமும் வரும்.

நின்றபின்

நெடுஞ்சாலையில் சுழன்று நின்றால் உடனே கதவைத் திறந்து இறங்காதீர்கள். உங்களை வழுக்கிய அதே ஐஸ் பின்னால் வருபவரையும் வழுக்கும். அபாய விளக்கைப் போடுங்கள், கார் நகர்ந்தால் ஓரத்துக்குப் போங்கள். நகராவிட்டால், பாதுகாப்பாகத் தடுப்புக்கு அப்பால் போக வழி இருந்தால் ஒழிய, பெல்ட்டோடு உள்ளேயே இருந்து 911ஐ அழையுங்கள்.

பனியில் புதைந்து உதவிக்குக் காத்திருக்கும்போது, புகைக்குழாய் வாயை அடைத்திருக்கும் பனியை முதலில் தோண்டுங்கள். அடைந்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், அதற்கு வாசனை கிடையாது. மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டி, காற்று வீசாத பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். டிக்கியில் சின்ன மண்வெட்டி, ஒரு மூட்டை மணல், போர்வைகள், டார்ச், பிள்ளைகளுக்குக் கூடுதல் கையுறை, கொஞ்சம் தின்பண்டம். டாங்கில் பாதிக்குக் குறையாமல் பெட்ரோல். இவை நவம்பரிலேயே ஏறிவிட வேண்டும்.

இன்சூரன்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாலை வழுக்கியது, நான் என்ன செய்வேன் என்று நானும் வாதாடிப் பார்த்தேன். ஒண்டாரியோவின் தவறு நிர்ணய விதிகள் வானிலையையும் சாலை நிலையையும் கணக்கிலேயே எடுப்பதில்லை. முன்னால் நிற்கும் காரைப் பின்னாலிருந்து இடித்தால், ஐஸ் இருந்தாலும் தவறு இடித்தவருடையதுதான்.

பழகும் இடம்

ஆண்டின் முதல் நல்ல பனி விழுந்ததும், ஞாயிறு விடியற்காலையில், கம்பமும் நடுத்திட்டும் இல்லாத ஒரு காலி பார்க்கிங் இடத்துக்குப் போங்கள். இடத்துக்காரரிடம் முன்பே அனுமதி கேட்டுவிடுங்கள். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிடுங்கள்.

முதலில் 20 கிமீ வேகத்தில் நேராகப் போய் பிரேக்கை முழு பலத்தோடு மிதியுங்கள். ஏபிஎஸ் உதறலைக் கால் தெரிந்துகொள்ளட்டும். ஐந்தாறு முறை. அடுத்து அதே மாதிரி மிதித்தபடி ஸ்டியரிங்கைத் திருப்பி, ஒரு காலி அட்டைப் பெட்டியைச் சுற்றிப் போங்கள். அப்புறம் பெரிய வட்டமாகச் சுற்றிக்கொண்டே, முன்பக்கம் வழுக்கும்வரை வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வழுக்கியதும் காலை எடுத்து, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நேராக்கி, அந்தக் கனம் கைக்கு வருவதைக் கவனியுங்கள். பின்பக்க வழுக்கலைத் தனியாக முயல வேண்டாம், அதற்குப் பயிற்சி மையம்தான் சரி.

என் மனைவி முதல் முறை செய்தபோது, உதறல் வந்ததும் ஒவ்வொரு தடவையும் காலை எடுத்துவிட்டாள். ஏழாவது தடவை எடுக்கவில்லை. கார் கடகடத்துக்கொண்டே போய், அட்டைப் பெட்டிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. "இன்னொரு தடவை" என்று சொல்லி, நான் பதில் சொல்வதற்குள் ரிவர்ஸ் போட்டாள்.